பரமேஸ் தூளின் இரண்டு திகதிகள்

1

பேர்கன் நகரத்தில் பால் பெட்டியின் தலையில் ஒரு திகதி அடித்திருப்பார்கள். பக்கத்திலேயே, இந்தத் திகதிக்கு முன் மிக நல்லது, பிறகும் கெட்டதல்ல என்று நோர்வேஜிய மொழியில் ஒரு வரி இருக்கும். நல்ல பாலைச் சனம் வீணாகக் கொட்டக்கூடாது என்பதற்காகப் போட்டது. வந்த புதிதில் அதை வாசித்து, ஒரு பால் பெட்டிக்கு இவ்வளவு பரிவா என்று சிரித்திருக்கிறேன்.

இன்று காலை கோப்பிக்குப் பால் எடுத்தபோது பெட்டியின் தலையில் இருந்தது இன்றைய திகதி. நாளும் மாதமும் பரமேஸின் திகதி. பெட்டியை அப்படியே திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கோப்பியைப் பால் இல்லாமல் குடித்தேன். முப்பது வருசமாகப் பொதிகளுக்கு வெளிப்பக்கம் படம் கீறிச் சீவிக்கிறவள் ஒரு திகதியைக் கண்டு பயப்படுகிறாள் என்றால் என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நீங்கள் நம்புவீர்கள். இன்று ஒரு தொலைபேசி அழைப்பு வரவேண்டும். அது வரும்வரை சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும், அதனால் எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் பெட்டி, ரொட்டி உறை, மாப் பை, இவற்றின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கணினியில் அடுக்குவது. அச்சகம் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. யன்னலால் பார்த்தால் தண்ணீர், கப்பல், மழை. மழையை எடுத்துவிட்டால் இது திருகோணமலைதான் என்று இங்கே வருகிற சொந்தக்காரருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். இந்தத் துறைமுகம் நாள் முழுக்கச் சத்தம் போடும். எங்களுடையது போடாது. அவ்வளவு ஆழமான தண்ணீர், ஒரு அலை இல்லாமல், வீதிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பேன்.

2

பரமேஸ் என்கிற பரமேஸ்வரியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். உட்துறைமுக வீதியில் இருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில், பழைய மாடிவீட்டில், தனியாக இருக்கிறாள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அவள் கொடுக்கும் பதிலை இங்கே எழுத முடியாது. ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு பெண்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் வறுத்து விற்கத் தொடங்கினாள். தூள் அருமையான தூள். பொலித்தீன் பையில் போட்டு, வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டிக் கொடுத்தாள். கடைக்காரர்கள் பேர் இல்லாத பையைக் கீழ்த் தட்டில் போட்டார்கள்.

‘எடி சுகந்தி, நீ வெள்ளைக்காரனுக்கு மீன் பெட்டி கீறுறாய். எனக்கொரு உறை கீறித் தரமாட்டியோ?’ என்று ஒரு நாள் கேட்டாள்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பெரிய தக்கைச் சுவர். கண்ணில் பட்ட நல்ல வடிவங்களை எல்லோரும் கொண்டுவந்து அதில் குத்த வேண்டும்: பழைய தீப்பெட்டி, பழத்தில் ஒட்டியிருந்த சின்ன லேபல், நாடக ரிக்கற். எங்கள் தலைவர் வெள்ளிக்கிழமைகளில் அதற்கு முன்னால் நின்று உபதேசம் செய்வார். யோசித்து யோசித்து ஒரு வடிவமும் வராதாம். உன் கண் தினமும் எதைப் பார்க்கிறதோ அதுதான் ஒரு நாள் உன் கையால் வெளியே வருமாம். நான் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். அந்த மனுசன் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது.

பரமேஸின் உறைக்கு நான் ஒன்றரை மாதம் மினக்கெட்டேன். ஊரில் எந்தத் தூள் பக்கற்றையும் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நடுவில் நெருப்புப் பிடித்த மிளகாய். ஒரு தட்டில் இருபது பக்கற் கத்திக்கொண்டு நிற்கும்போது கத்தாமல் நிற்கிற ஒன்றில்தான் கண் போய் இருக்கும் என்பது நான் இங்கே படித்த பாடம். ஆகவே வெள்ளை. தடித்த வெள்ளைக் கடதாசி உறை, உள்ளே பொலித்தீன் பை. ஓரம் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. நடுவில் முட்டை வடிவத்துக்குள் பரமேஸின் முகம்: ஸ்ரூடியோவில் எடுத்த படம், மயில்நீலச் சேலை, சின்னப் பொட்டு, சிரிப்பதா விடுவதா என்று யோசிக்கிற வாய். முகத்தின் இரு பக்கமும் கறிவேப்பிலைக் கொத்து வளைந்து மேலே போகும். முகத்துக்குக் கீழே இடப்பக்கம் ஒரு சின்னப் பெட்டி, உற்பத்தித் திகதிக்கு. வலப்பக்கம் இன்னொரு பெட்டி, முடிவுத் திகதிக்கு. அடியில் பெரிய எழுத்தில் அவள் பெயர். பின்பக்கத்தில் அவளுடைய கைராசி, பொறுமை, அன்பு பற்றி நாலு வரி.

உங்களில் பாதிப் பேர் இப்போது தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. தலைவர் அதைத் தக்கைச் சுவரின் நடுவில் குத்தி, எவ்வளவு அமைதியான வடிவம் என்று எல்லோருக்கும் காட்டினார். ஒஸ்லோவில் இருக்கிற என் மகள் நிலானிக்கு அனுப்பினேன், ஒரு பெருவிரல் படம் பதிலாக வந்தது. பரமேஸ் மட்டும், வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்கும்போது நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்றாள். தன் முகத்தைத் தானே பொதியில் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

உறைகள் கொழும்பில் அச்சாகின. அடித்தவர்களுக்குத் தமிழும் தெரியாது, எங்கள் பக்கத்து வழக்கமும் தெரியாது. மூவாயிரம் வந்து இறங்கின. தன்னுடைய பிறந்தநாளில், நல்ல நேரம் பார்த்து, பரமேஸ் றப்பர் முத்திரையை எடுத்து மூவாயிரத்துக்கும் ஒரேயடியாகத் திகதி குத்தி முடித்தாள். தூள் நிரப்பும்போது அல்லவா குத்த வேண்டும் என்று நான் ஏசினேன். நல்ல நாளில் தொடங்கியது நல்லபடி முடியட்டும் என்றாள். இடப்பக்கம் அவளுடைய பிறந்தநாள். வலப்பக்கம், ஒரு வருசம் தள்ளி, மீண்டும் அவளுடைய பிறந்தநாள்.

3

முதலில் வந்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஒரு பெண். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை சீனி, அழுது சிவந்த கண். கதவைத் திறந்தது பரமேஸ். பரமேஸைக் கண்டதும் அந்த மனுசி படியிலேயே இருந்துவிட்டாவாம். தண்ணீர் கொடுத்தபோது, கொடுத்தவளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாவாம்.

பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. கடைக்காரர் பக்கற் முழுவதையும் முகம் உள்ளே பார்க்கத் திருப்பி அடுக்கியிருந்தார். அன்னதானத்துக்கு வாங்கிய கோயில்காரர் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாவு விழுந்த துடக்கு வீட்டுச் சாமான் என்று ஆரோ சொன்னார்களாம், இல்லையென்று தங்களுக்கும் தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லையாம். ஒரு கடையில் பக்கற்றைக் கையில் எடுத்த கிழவர் அதைக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திரும்ப வைத்ததைப் பரமேஸ் தன் கண்ணாலேயே பார்த்தாள். அவள் அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அன்று பின்னேரம் எனக்கு எடுத்தாள். கோபமாகக் கதைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

‘எடி, நீ எனக்கு மரண அறிவித்தல் அடிச்சிருக்கிறாய்.’

உறையின் படத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றரை மாதம் பார்த்த படம்தான். அன்றைக்குத்தான் கண் தெரிந்தது. நகரத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி: வெள்ளைத் தாள், கறுப்புக் கரை, முட்டைக்குள் முகம், இரு பக்கமும் குத்துவிளக்கு, கீழே இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, அடியில் நாலு நல்ல வார்த்தை. குத்துவிளக்கு இருந்த இடத்தில் நான் கறிவேப்பிலையை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். வருசத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு வயதில் செத்தவளாக வரும். ஆனால் கடையில் ஒருவரும் வாசிப்பதில்லை, பார்க்கிறார்கள். இதையும் நான்தான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

எங்கிருந்து வந்தது இது? ஊரை விட்டு வந்து முப்பது வருசத்துக்கு மேல். சுவரில் ஒட்டியதைப் பார்த்து எவ்வளவு காலம். யோசித்துக்கொண்டே கைத்தொலைபேசியில் படங்களை மேலே தள்ளினேன், அங்கே வரிசையாக இருந்தார்கள். சொந்தக்காரர் குழு, பழைய மாணவர் குழு, கோயில் குழு. கிழமைக்கு இரண்டு, மூன்று முகம். மாமா, ரீச்சர், தபால்கார அண்ணை, என்னோடு ஓடிப் பிடித்து விளையாடினவன். எல்லோரும் முட்டைக்குள், எல்லோருக்கும் கீழே இரண்டு திகதி. எனக்கு ஊரில் இருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரே ஒரு வடிவம் அதுதான். தக்கைச் சுவரில் ஒன்றும் குத்தாத நான், சட்டைப்பைக்குள் ஒரு சுவரை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஒரேயொரு பக்கத்தில் மட்டும், பாலம் தாண்டி முஸ்லிம் சனம் இருக்கிற ஊர்களில், தூள் நன்றாக விற்றது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கடைகளுக்குச் சாமான் போடுகிற நசார் நானா தன் வான் வண்டியில் கொண்டுபோய்ப் போட்ட பக்கற் எல்லாம் முடிந்து, இன்னும் தரச் சொல்லி வந்து நின்றார். பரமேஸ் விசயத்தைச் சொன்னதும் அவருக்கு விளங்கவே கனநேரம் எடுத்ததாம். தங்கள் ஊரில் ஒரு சாவு, மவுத்து என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள், படம் ஒட்டுகிற பழக்கம் இல்லை, சனத்துக்கு அந்த முகம் பிடித்திருக்கிறது, இந்தத் தங்கச்சியின் தூளைத் தா என்று கேட்டு வாங்குகிறார்கள் என்றார். ஆக, பாலத்துக்கு அந்தப் பக்கம் பரமேஸ் உயிரோடு இருந்தாள். இந்தப் பக்கம் இல்லை.

4

உறையைத் தூக்கிப் போடு, புதிதாக அடிக்கக் காசு அனுப்புகிறேன் என்று நான் சொல்லாத நாள் இல்லை. முதலில் சிரித்துக்கொண்டு மறுத்தாள். பிறகு சிரிக்கவில்லை. சனம் தன்னைக் கண்டால் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் கதைக்கிறது என்றாள். சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். மாசி மாதம் அளவில் ஒரு இருமல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், திகதி வரட்டும் பிறகு பார்ப்போம் என்பாள். முதல் தரம் அதைச் சொன்னபோது பகிடி என்று நினைத்தேன்.

பங்குனியில் தன் சேலைகளைத் தூள் வறுக்கிற பெண்கள் இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாள். மயில்நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். சித்திரையில், எவருக்கும் சொல்லாத தூள் அளவை ஒரு கொப்பியில் எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். இதை ஏன் எனக்கு அனுப்புகிறாய் என்று கேட்டதற்கு, ஆரிட்டையும் இருக்கத்தானே வேணும் என்றாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் அடுக்கின இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மனுசி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இதை நிலானிக்குச் சொல்லி அழுதேன். கவனமாகக் கேட்டாள், நல்ல பிள்ளை. எல்லாம் கேட்டுவிட்டு, பாதி நோர்வேஜியமும் பாதித் தமிழுமாக ஒரு கேள்வி கேட்டாள்.

‘அப்ப உங்கட படத்துக்கு நான் என்னம்மா செய்யிறது? எனக்குத் தமிழ் எழுதத் தெரியாதே. நீங்களே ஒண்டு செய்து வையுங்கோ. வலப்பக்கத்தை மட்டும் சும்மா விடுங்கோ.’

அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வீட்டுக் காப்புறுதிக் கடதாசி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்பது போலக் கேட்டாள். இங்கே பிள்ளைகள் அப்படித்தான், ஆயத்தமாக இருப்பார்கள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

திகதிக்கு முன்னர் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று முடிவெடுத்தபோது என் பாஸ்போட் காலம் கடந்து கிடந்தது. இணையத்தில் நேரம் பதி, வரிசை எண் எடு, கண்ணாடியைக் கழற்று, சிரிக்காதே. புதுப் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து திறந்தேன். என் முகம். அதன் பக்கத்தில் இரண்டு திகதி, கொடுத்த நாளும் முடியும் நாளும். பத்து வருசத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பித்து எல்லா நாட்டு எல்லையிலும் நீட்டியிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை. மூடிப் பைக்குள் அடியில் வைத்தேன்.

லீவு கேட்கப் போனபோது பதற்றத்தில் வாய் தடுமாறி, என் சிநேகிதியின் திகதி முடியப்போகிறது என்று தலைவருக்குச் சொன்னேன். அந்தச் சொல்லை இங்கே மனுசருக்குப் பாவிப்பதில்லை, பாலுக்கும் பாஸ்போட்டுக்கும்தான். அவர் திருத்தவில்லை. என் தோளில் கை வைத்து, எத்தனை கிழமை வேண்டுமானாலும் போய் வா என்றார்.

5

கச்சான், அந்தத் தென்மேற்குச் சூட்டுக் காற்று, அடிக்கிற காலம். பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்டது மான்களை. எங்கள் நகரத்தில் மான் வீதியில்தான் திரியும், தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்மான் வெள்ளைக் கடதாசி ஒன்றை மென்றுகொண்டு நின்றது. கிட்டப் போனேன். அதன் வாயில் பரமேஸின் பாதி முகம் இருந்தது. மான் என்னைப் பார்த்துக்கொண்டே மற்றப் பாதியையும் உள்ளே இழுத்தது.

ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். மாடி அறையில், சுவர் ஓரமாக, விற்காத உறைகள் கட்டுக்கட்டாக. யன்னலால் காற்று வரும்போது மேல் உறைகள் எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாகப் படுத்தன. அந்தச் சத்தம் ஒரு கூட்டம் மூச்சு விடுகிற சத்தம் போல இருந்தது. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே பரமேஸ். அலுமாரித் தட்டில் விரித்த பரமேஸ். ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே மடித்து வைத்த பரமேஸ். நடுவில் மெலிந்து, கண் உள்ளே போய், இருமிக்கொண்டு நின்றவளைப் பார்க்க, படத்தில் இருந்தவர்கள்தான் உயிரோடு இருப்பதாகத் தோன்றியது.

திகதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்றேன், உறையை எரிப்போம் என்றேன். பால் பெட்டி வரியைக்கூடச் சொன்னேன், பிறகும் கெட்டதல்ல என்று எழுதியிருக்கிறான் என்று. அவள் திருப்பிக் கேட்டாள்.

‘பாலுக்கு அவன் சொல்லுவான். மனுசருக்கு ஆர் சொல்லுறது?’

திகதி வந்தது. வெள்ளிக்கிழமை. விடியவே முழுகி, மயில்நீலச் சேலையை உடுத்து, பொட்டு வைத்து, மாடியில் துறைமுகம் பார்த்த வாசலில் கதிரையைப் போட்டு இருந்தாள். தூள் வறுக்கிறவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நான் குசினியில் தோசை சுட்டு எடுத்துக்கொண்டு திரும்பினேன். வெள்ளைச் சுவர். கறுப்பு நிறம் அடித்த கதவு நிலை. நிலைக்கு நடுவில் அவள், அதே சேலை, அதே பொட்டு, சிரிப்பதா விடுவதா என்று யோசிக்கிற அதே வாய். பின்னால் அசையாத தண்ணீர். நான் கீறின உறை எனக்கு முன்னால் இருந்தது.

கதிரையைத் தள்ளிப் போடு என்றேன். கேட்காதவள் போல இருந்தாள். தோசைத் தட்டத்தை நிலத்தில் வைத்தேன். பிறகு இன்னொரு கதிரையை இழுத்துக்கொண்டு போய், அவளோடு ஒட்டி, அந்த நிலைக்குள் நானும் இருந்தேன். நடுவில் இருந்தவள் ஓரத்துக்குப் போனாள், என் உடம்பு பாதி நிலைக்கு வெளியே தள்ளி நின்றது. பார்க்கிறவருக்குக் கண் கூசுகிற மாதிரி ஒரு கோணல் படம். வாழ்க்கையில் ஒரு வடிவத்தை வேண்டுமென்று பழுதாக்கியது அன்றைக்குத்தான்.

‘என்னடி செய்யிறாய்?’ என்றாள்.

‘தோசை சாப்பிடப் போறன்,’ என்றேன்.

ஒரு துண்டு பிய்த்துத் தின்றாள். நாள் முழுக்க இருந்தோம். ஒரு கப்பல் எங்கள் கண்முன்னால் ஒரு அங்குலமும் நகரவில்லை. அவள் இருமும்போதெல்லாம் நான் தண்ணீரை நீட்டினேன். பொழுதுபட்டு, கோயில் மணி கேட்டு, அவள் எழும்பிப் படுக்கப் போனாள். நான் வாசலிலேயே பாயை விரித்தேன்.

6

விடிந்தபோது வீடு சத்தமில்லாமல் கிடந்தது. இருமல் கேட்கவில்லை. காற்றும் நின்றிருந்தது. அவள் கட்டிலில் மயில்நீலச் சேலை நாலாக மடித்து வைத்திருந்தது, அவள் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது? உறைகள் இருந்த அறையைப் பார்த்தேன். கட்டுகளில் பாதி இல்லை.

அப்போதுதான் கேட்டது. கீழே பின்விறாந்தையில், கிரிச், கிரிச் என்று ஒரு கத்தரிக்கோல். இறங்கிப் போனேன். பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கால்களை நீட்டி, நிலத்தில் இருந்து உறைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய பேசின். அதற்குள் நூற்றுக்கணக்கில் அவளுடைய முகம். முட்டையும் கீழே இருந்த இரண்டு திகதிப் பெட்டிகளும் ஒன்றாக, ஒரே துண்டாக வெட்டியிருந்தாள்.

‘விடிய இருமல் வந்து எழும்பினனான்,’ என்றாள், தலை நிமிராமல். ‘இருமேக்கதான் தெரிஞ்சுது, இருக்கிறன் எண்டு. பிறகென்னத்துக்குப் படுத்துக் கிடக்கிறது?’

வெட்டி முடித்த உறை ஒன்றுக்குள் தூள் பையைச் செருகி என்னிடம் நீட்டினாள். முகம் இருந்த இடத்தில் ஓட்டை, ஒரு ஆளின் தலையும் தோளும் போல. அந்த ஓட்டை நிறைய, வறுத்த மிளகாய்த்தூளின் கருஞ்சிவப்பு. வெள்ளைக்கு நடுவில் அது நின்ற நிலையைப் பார்த்து எனக்கு மேல் சிலிர்த்தது. அத்தனை வருசம் படித்தும் எனக்கு வராத வடிவம், ஒரு கத்தரிக்கோலோடு அவளுக்கு வந்திருக்கிறது. முகத்தை எடுத்துவிட்டால் தூள் தெரியும், சனம் தூளைத்தானே வாங்குகிறது என்றாள். திகதியை இனிமேல் பின்பக்கத்தில், தூள் நிரப்புகிற அன்றைக்குக் குத்துவாளாம்.

நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிளகாய் வறுக்கிற புகைதான், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வறுங்கள் என்று டொக்ரர் ஏசி அனுப்பினார். தூள் நகரத்துக் கடைகளில் முன்பக்கம் பார்த்து நின்றது. கோயிலும் வாங்கியது.

கிண்ணியாவில்தான் சிக்கல் வந்தது. முகம் இல்லாத பக்கற்றைப் பார்த்துவிட்டு, அந்தத் தங்கச்சி மவுத்தாகிவிட்டாவா என்று கடைக்குக் கடை கேட்கிறார்கள் என்று நசார் நானா வந்து தலையைச் சொறிந்தார். பரமேஸ் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழும்பினாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவருடைய வானில் முன் இருக்கையில் ஏறி, பாலம் தாண்டிப் போய், கடை கடையாக இறங்கித் தன்னைக் காட்டிவிட்டு வந்தாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் வீட்டை விட்டுப் போன முதல் தூரப் பயணம் அது.

7

மிச்சம் இருந்தது முகங்கள். ஒரு பெரிய பை நிறைய. அவற்றை என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் அரை நாள் கதைத்தோம். எரித்தால் அவளை எரித்த மாதிரி. கடலில் போட்டால் சாம்பலைக் கரைத்த மாதிரி. மண்ணில் தாட்டாலும் சரியில்லை. குப்பையில் போட்டால் மான் தின்னும். கடைசியில் பையின் வாயைக் கட்டி என் பெட்டிக்குள் தானே வைத்தாள். நீதானே கீறினாய், நீயே கொண்டு போ என்றாள்.

பேர்கன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பையை அவிழ்த்தார். ஒரே பெண்ணின் முகம், ஆயிரத்துக்கு மேல், அவருடைய கையுறை மேல் வழிந்தது. பிறகு அவருடைய குரல் தாழ்ந்தது. யார் இவர், எப்போது இறந்தார் என்று கேட்டார். எங்கள் சுவர்களை ஒரு நாளும் காணாத மனுசன். இறக்கவில்லை, இருக்கிறாள் என்றேன். அவர் திரும்பவும் ஒரு துண்டை எடுத்து இரண்டு திகதியையும் பார்த்தார். பிறகு கவனமாக, ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே வைத்தார்.

இப்போது அவை என் படுக்கை அறை அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. இங்கே கடதாசிக்கு ஒரு பை, பிளாஸ்ரிக்குக்கு ஒரு பை என்று பிரித்துப் போடவேண்டும், கடதாசி எடுக்கிற வண்டி ஒழுங்காக வரும். ஒவ்வொரு முறையும் வண்டிச் சத்தம் கேட்கும்போது அலுமாரியைப் பார்ப்பேன். எழும்ப மாட்டேன். நிலானி கேட்ட படத்தையும் இன்னும் செய்யவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. பரமேஸ்தான். அந்தத் திகதி தாண்டி இன்று அவளுக்கு இன்னொரு பிறந்தநாள், நான்தான் முதலில் வாழ்த்தியிருக்க வேண்டும். ஆனால் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எடுத்ததும் சுகம் கேட்பதில்லை, பேர் சொல்வதில்லை. முதலில் அவள் ஒன்று கேட்பாள்.

‘நான் அங்க இருக்கிறனோ?’

பார்க்காமல் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். எழும்பிப் போய், அலுமாரியைத் திறந்து, பையை அவிழ்த்து, உள்ளே கை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

‘ஓம். இருக்கிறாய்.’

‘அப்ப சரி,’ என்றாள். ‘இனிச் சொல்லு, என்ன புதினம்?’